நாழிகை வட்டில் முதல் ரேடோ வரை: நாகையில் கடிகாரம் பழுதுபார்ப்போர்

நெல்லை அளந்த சொல்லின் சாயலிலேயே நேரத்தையும் அளந்த நிலம் காவிரிப் படுகை. நாழி என்பது முகத்தலளவை. நாழிகை என்பது 24 நிமிடங் கொண்ட காலவளவு. நாளொன்றுக்கு நாழிகை அறுபது. இரண்டும் ஒரு வேரினவா என்னும் ஆய்வைச் சொல்லாராய்ச்சியாளர்க்கே விட்டுவிடினும், அறுவடைக் களத்திலும் அரண்மனை முற்றத்திலும் ஒத்த ஓசையுடைய சொற்கள் வழங்கியமை எண்ணி இன்புறத்தக்கது. கடிகாரம் என்னும் இற்றை வழக்கும் கடிகை என்னும் பழஞ்சொல்லோடு உறவுடையதே.

புகார் நகரின் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தோருள் நாழிகைக் கணக்கரையும் ஒருவராக வைத்து எண்ணுகிறார் இளங்கோவடிகள். அந்தப் பூம்புகார் 1991இல் தஞ்சையினின்று பிரிந்த நாகை மாவட்டத்தில் இருந்தது; 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்திற்குச் சென்றது. நாழிகைக் கணக்கரின் தொழிலைப் பொதுவாக நேரம் பார்த்துச் சொல்லும் தொழில் என்று மட்டுமே விளக்கிச் செல்கிறோம். அவர்தம் கருவியாகிய நாழிகை வட்டிலைச் சற்று எண்ணிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். அடியில் நுண்டுளை கொண்ட கிண்ணம் நீரில் மிதந்து, மெல்ல நிரம்பி, அமிழும். அமிழ்ந்தால் ஒரு நாழிகை. துளையில் தூசு அடைத்தால் நாழிகை நீளும். துளை தேய்ந்து அகன்றால் நாழிகை குறுகும். ஆகவே வட்டிலைத் துலக்குதலும் துளையைக் காத்தலும் கணக்கரின் கடமையாகவே இருந்திருத்தல் வேண்டும். நேரம் சொல்பவரும் கருவியைப் பேணுபவரும் ஒருவராகவே இருந்த காலம் அது. இவ்விருவரும் வேறுவேறு ஆட்களானதும், பின்னர் அவர்களுக்கிடையிலான தொலைவு வளர்ந்ததுமே இங்குக் கூறவரும் வரலாறு.

கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்ட வடிவிலான சூரியக் கடிகாரம் ஒன்றுள்ளது. நடுவிலுள்ள முள்ளின் நிழல் கல்லிற் பொறித்த கோடுகளின்மேல் நகர்ந்து பொழுதைக் காட்டும். எண்ணெய் வேண்டாத, சாவி வேண்டாத கடிகாரம்! மழைநாளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

பொறியாலான கடிகாரத்தை நாகையின் அன்றாட வாழ்விற்குள் கொண்டுவந்தது இருப்புப்பாதை. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' இருப்புப்பாதைக் குழுமம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் பாதை திறந்தது. மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. வண்டி புறப்படும் நேரம் நாழிகைக் கணக்கில் அடங்காது. நிமிடக் கணக்கு வேண்டும். அந்த நிமிடமும் நாகையின் சொந்த நிமிடமன்று. 1792இல் கட்டப்பெற்ற சென்னை வானாய்வகத்தின் நேரமே இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாகப் பின்னர் வழங்கிற்று. சென்னைக்கும் நாகைக்கும் நெடுங்கோட்டு வேறுபாடு சிறிதாகலின் கதிரவன் காட்டும் நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிட வேற்றுமைதான். 1906 சனவரி முதல் நாளில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது அவ்வேற்றுமை பத்து நிமிடங்களைக் கடந்தது. அதாவது, நாகைக் கடற்கரையில் உச்சிவேளையாகும்போது நிலையக் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிடம் ஓடியிருக்கும். கடிகாரம் காட்டுவதே நேரம், கதிரவன் காட்டுவதன்று என்ற நிலை அன்று உறுதியாயிற்று. அந்நிலை உறுதியானபின் கடிகாரம் நின்றுபோவது ஒரு தொல்லையாயிற்று.

விலையுயர்ந்த கடிகாரம் வாங்கவும் பழுதுபார்க்கவும் அக்காலச் செல்வர் நாடியது சென்னையை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீட்டர் ஆர் என்பவர் நிறுவிய 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' நிறுவனம் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்திற்கும் வெள்ளி வேலைப்பாட்டிற்கும் பெயர்பெற்று விளங்கிற்று. நிலக்கிழார் ஒருவரின் சட்டைப்பைக் கடிகாரம் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குப் போய், எண்ணெயிடப்பெற்று, மீண்டும் வந்துசேர வாரங்கள் பல ஆகும். செலவைத் தாங்கியோர் அனுப்பினர். தாங்காதோர்க்குக் கடிகாரமே இல்லையாதலின் வழக்கும் இல்லை.

இந்நிலையை மாற்றியது கடல். மலேயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை ஏற்றியனுப்பிய துறைமுகங்களுள் நாகை முதன்மையானது. குடிபெயர்வோரைத் தங்கவைக்கும் முகாமும் இங்கு இருந்தது. 1938இல் இந்திய அரசு அவ்வகை ஆட்கட்டலைத் தடைசெய்தது. எனினும் வணிகர், எழுத்தர், கடைச்சிப்பந்திகள் ஆகியோரின் போக்குவரத்து தொடர்ந்தது. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. 1973 முதல் அதன் இடத்தில் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. அக்கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அப்பயணிகள் போக்குவரத்தும் முடிவுற்றது.

கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் இறங்கி வருவோரின் தகரப் பெட்டிகளுள் கைலி, பட்டு, வாசனைத் தைலம் ஆகியவற்றோடு கைக்கடிகாரமும் இருக்கும். நாகூர்ப் பக்கத்தில் 'சபராளி' என்று அழைக்கப்பெற்ற அயலகப் பயணிகள் தமக்கு ஒன்றும், மணம் முடிக்கவிருக்கும் தங்கையின் மாப்பிள்ளைக்கு ஒன்றுமாகக் கொணர்ந்தனர். மேற்கே பம்பாய் வழியாகவும் கடிகாரங்கள் வந்தன. 'ஃபாவ்ர்-லூபா' நிறுவனம் 1865 முதலே பம்பாயில் வணிகம் செய்தது. 'வெஸ்ட் எண்ட்' கடிகாரங்கள் படைவீரரிடையே பெரும் பெயர் பெற்றன. இவற்றோடு ஓமேகா, ரோமர், சைக்கோ, சிட்டிசன் ஆகியனவும் 1962இல் வெளிவந்த ரேடோவின் 'டயாஸ்டார்' வகையும் நாகை மணிக்கட்டுகளை அலங்கரித்தன. கீறல் விழாத கடினவுலோகக் கூட்டையுடைய அந்த ரேடோ, 'வெளிநாடு போய்வந்தவர்' என்பதை வாய் திறவாமல் உணர்த்தும் அணியாயிற்று.

இங்குத்தான் சிக்கல் தோன்றுகிறது. விடுதலைக்குப் பின் இந்தியா இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கடிகாரம் பெட்டிக்குள் வைத்து வந்துவிடலாம். அதன் உதிரிபாகம் வாராது. செய்த நிறுவனமோ சுவிட்சர்லாந்தில். விற்ற கடையோ சிங்கப்பூரில். பழுதடைந்த கடிகாரமோ நாகை நீலாயதாட்சியம்மன் கோயில் வட்டாரத்து வீடொன்றின் அலமாரியில். இம்மூன்றுக்கும் இடையே பாலமாய் நின்றவர், கடைத்தெருவில் ஒரு முழ அகலமுள்ள மேசையும் கண்ணாடித் தடுப்பும் கொண்டிருந்த கடிகாரக்காரர்.

அம்மேசையைச் சற்று நின்று பார்த்தல் தகும். வலக்கண்ணில் செருகிய உருப்பெருக்கிக் கண்ணாடி, பொற்கொல்லரிடம் இருப்பது போன்ற சாமணம், அதனினும் கூரியதாய், ஊசிமுனைத் திருப்புளிகள், பெட்ரோலோ பென்சினோ ஊற்றிய சிறு கிண்ணம், கழற்றிய பாகங்களின்மேல் தூசு படாதவாறு கவிழ்த்த கண்ணாடிக் குவளை. மின்விசிறி இராது, இருந்தாலும் வேலை நடக்கும்போது சுழலாது. சித்திரை வெயிலில் வியர்வை நுனிமூக்கில் நின்றாலும் அது சக்கரத்தின்மேல் சொட்டலாகாது.

அவர் செய்த வேலையின் நுட்பத்தை ஓர் எண் உணர்த்தும். பழைய கைக்கடிகாரத்தின் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 துடிப்புகள் துடிக்கும், நொடிக்கு ஐந்து. நாளொன்றுக்கு 4,32,000. ஓராண்டுக்கு ஏறத்தாழ 15 கோடியே 77 லட்சம். நாளுக்கு ஒரு நிமிடம் பிந்துகிற கடிகாரத்தை நாம் குறைகூறுவோம். ஆயினும் அது 1,440இல் ஒரு பங்கே பிழைபட்டது. இத்தனை துடிப்பையும் தாங்குவது மயிரினும் மெல்லிய சுருள்வில்லும், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளுமே. எண்ணெய் சில ஆண்டுகளில் உலரும். உலர்ந்தபின் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். எனவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டுப் பூட்ட வேண்டும். கடைத்தெரு வழக்கில் இதற்கு 'ஆயில் சர்வீஸ்' என்று பெயர். நாகையில் இத்தேவை மற்ற ஊர்களினும் மிகுதி. வேதாரணியத்து உப்பளத்தை வளர்க்கும் அதே காற்று, சாவி திருகும் குமிழின் இடுக்கு வழியே புகுந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். கழுவாது விட்ட கடிகாரத்தின் சாவித்தண்டு துருவில் ஒடிவது இக்கரையோர ஊர்களுக்கே உரிய நோய் எனலாம்.

தண்டு ஒடிந்தால் என் செய்வது? அயல்நாட்டுப் பாகம் கிடையாது. ஆயினும் இரு வழிகள் இருந்தன. முதலாவது, சிறு கடைசல் எந்திரத்தில் எஃகுக் கம்பியைக் கடைந்து புதிதாகச் செய்துகொள்ளுதல். இரண்டாவது வழி சுவாரசியமானது. சுவிஸ் கடிகாரங்களின் முகப்பிலே நூறு பெயர்கள் எழுதியிருப்பினும், உள்ளே இருக்கும் இயந்திரங்களுட் பெரும்பாலானவை ஒருசில ஆலைகளின் ஆக்கங்களே. ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப். முதலிய அவ்வாலைகள் 1926இல் 'எபோஷ்' என்னும் கூட்டமைப்பைத் தொடங்கின. பின்னர் மேலும் பல ஆலைகள் அதனுட் சேர்ந்தன. முகப்பு வேறு, கூடு வேறு, விலை வேறு, இயந்திரம் ஒன்று. ஊரார் பெயரைப் பார்த்தனர்; கடிகாரக்காரர் சமநிலைச் சக்கரத்தின் அருகே பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். விலைமதிப்புள்ள கடிகாரத்தின் ஒடிந்த பல்சக்கரத்திற்கு, பெயர் தெரியாத மலிவான செத்த கடிகாரம் ஒன்று உறுப்பீந்தது. இதற்காகவே அவர் மேசையின் கீழறையில் தகர டப்பாக்கள் இருந்தன. திருத்தவியலாத இயந்திரங்களை அவர் எறிவதில்லை. குறைந்த கூலியில் உயர்ந்த கடிகாரம் ஓடியதற்கு அந்த டப்பாக்களே அடிப்படை. இதனை முறையற்ற ஒட்டுவேலை என்று இகழ்வாரும் உளர். ஓரே ஆலையில் ஓரே அளவில் செய்த உறுப்பை மாற்றிப் பொருத்துவதில் என்ன முறைகேடு? எல்லாக் கடிகாரமும் இவ்வாறு இணங்குவதில்லை என்பது மெய்யே. ரோமர் போன்றவை தம் இயந்திரத்தைத் தாமே செய்தன. அவ்வாறானவை பழுதுபடின் காத்திருக்க வேண்டியதுதான், ஆண்டுக்கணக்கிலும்.

இத்தொழிலாளர்க்கு ஊரார் செய்த அநீதி ஒன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். 'பதினேழு கல் வைத்த கடிகாரம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவான்' என்னும் பேச்சு வீடுதோறும் வழங்கியது. கடிகாரத்தின் கல் அச்சு சுழலும் குழியாகப் பயன்படும் செயற்கைக் கெம்பு. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் அதனை உலையில் ஆக்கும் முறையை வெளியிட்டபின் அது மிக மலிந்துபோயிற்று. எடுத்து விற்றால் ஒரு வேளைத் தேநீருக்கும் காணுமோ என்னவோ! எடுத்துவிட்டால் கடிகாரமும் ஓடாது. தகப்பனார் கொணர்ந்த ஓமேகாவை நம்பிக் கொடுத்தவர்கள், கொடுத்த கையோடு ஐயத்தையும் கொடுத்தனர். கடிகாரக்காரரோ மாற்றிய பழைய பாகத்தைத் தாளில் மடித்துத் திருப்பித் தந்து அவ்வையத்திற்கு விடையளித்தார். நேர்மையை நாள்தோறும் மெய்ப்பித்தாக வேண்டிய தொழில்கள் எல்லாக் காலத்திலும் சில இருந்தே வந்துள்ளன.

1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. 'ஜனதா' முதலிய வகைகள் ஆசிரியர், எழுத்தர், பட்டதாரி மாணவர் கைகளுக்கு வந்தன. கடிகாரக்காரரின் பொற்காலம் இதுவே எனலாம். பாகம் எளிதிற் கிடைத்தது. ஒன்றைக் கற்றால் ஆயிரத்தைத் திருத்தலாம். எச்.எம்.டி.யில் ஈட்டிய கூலியே, எப்போதோ ஒருநாள் வரும் சுவிஸ் கடிகாரத்தோடு இரண்டு நாள் மல்லாடும் பொறுமையை அவருக்குத் தந்தது. மலிவான கடிகாரம் விலையுயர்ந்த கடிகாரத்தைக் காப்பாற்றிய விந்தை பலர் கருத்திற் படாதது.

ஆகலின், மலிவானது மாறியபோது உயர்ந்ததும் தளர்ந்தது. 1969 திசம்பரில் சைக்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம் உலகின் போக்கையே திருப்பியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுவில் அது மூன்றிலொன்றாகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் டாட்டா குழுமமும் 'டிட்கோ'வும் இணைந்து 1984இல் டைட்டனை நிறுவின. ஒசூர் ஆலையின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் 1980களின் பிற்பகுதியில் சந்தையை நிறைத்தன. அவற்றுக்கு எண்ணெய் வேண்டியதில்லை, சாவியும் வேண்டியதில்லை, மின்கலம் மட்டும் மாற்றினால் போதும். பிறகு கைப்பேசி வந்தது. நேரம் பார்க்கவே கைக்கடிகாரம் வேண்டாமற் போயிற்று. 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாற்பதாண்டு சுருள்வில்லோடு பழகிய விரல்கள் மின்கலமும் வாரும் மாற்றிப் பிழைக்கலாயின. அவ்வேலைக்கு மகனைப் பழக்குவார் யார்?

காலத்தின் குறும்பு ஒன்றையும் ஈண்டுச் சொல்லலாம். பம்பாய்க்கு 1865இல் வணிகஞ் செய்ய வந்த ஃபாவ்ர்-லூபாவை 2011இல் டைட்டனே விலைக்கு வாங்கியது. பின்னர் 2023இல் அது வேறொரு இந்தியக் குழுமத்திடம் சென்றது.

எந்திரக் கடிகாரம் சாகவில்லை. ஆடம்பரப் பொருளாக மறுபிறப்பெடுத்தது. அவ்வாறு எடுத்தபோது அதனைப் பழுதுபார்க்கும் உரிமையும் கைமாறிற்று. ரேடோ, ஓமேகா, லாஞ்சின், டிசோ ஆகியவற்றையும், பழைய இயந்திர ஆலைகளின் வழித்தோன்றலாகிய ஈட்டாவையும் தன்னகத்தே கொண்ட ஸ்வாட்ச் குழுமம், தன் அங்கீகாரம் பெறாத வணிகர்க்கு உதிரிபாகம் வழங்குவதை 2015 இறுதியோடு நிறுத்தியது. ஐரோப்பியக் கடிகாரப் பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு இத்தகைய கட்டுப்பாடுகளை எதிர்த்து 2004இலேயே ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டிருந்தது. ஆணையம் 2008இல் தள்ளியது. நீதிமன்றம் 2010இல் அத்தள்ளுபடியை நீக்கியது. ஆணையம் 2014இல் மீண்டும் தள்ளியது. 2017இல் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. நுண்பொறியில் தேர்ச்சியற்ற கை பட்டால் கெடும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தேர்ந்த கைக்கும் பாகம் மறுக்கப்படுகிறது என்பதே முறையிட்டோரின் குறை. பிரசெல்சிலும் லக்சம்பர்க்கிலும் நடந்த இவ்வழக்கின் பொருளை நாகைக் கடைத்தெரு எந்த வழக்கறிஞரும் இன்றி முன்னரே அறியும். பாகம் வாராத நிலையில் தொழில் நடத்திய ஊர் அது.

இந்தியாவிலும் 2022இல் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அது முதன்மைப்படுத்திய துறைகள் வேளாண் கருவி, கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனம், வீட்டுச் சாதனம், ஊர்தி என்பன. கைக்கடிகாரம் அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. மறுபுறம், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்டு 2025 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய வணிக உடன்படிக்கை, சுவிஸ் கடிகாரங்களின் சுங்கத் தீர்வையைப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்கிறது. வாங்கும் விலை குறையக்கூடும். பேணும் செலவு அதனோடு குறையும் என்பதற்கு அவ்வுடன்படிக்கையில் இடமில்லை.

இவ்வாறாக, வீட்டில் பழைய சுவிஸ் கடிகாரம் வைத்திருக்கும் நாகையார், தம் பாட்டனார் சென்ற வழியிலேயே சென்னைக்குப் பயணமாகின்றனர். நிறுவனத்தின் சேவை மையத்தில் முழு இயந்திரத்தையும் மாற்றுவதற்கான மதிப்பீடு கூறப்படும். அது சிலவேளை கடிகாரத்தின் சந்தை விலையையே நெருங்கும். பெட்டியை மூடிக்கொண்டு திரும்புவோர் பலர். அவர்கள் அறியவேண்டுவன சில உள. உள்ளிருக்கும் இயந்திரத்தின் எண்ணை முதலிற் கேட்டறிதல் வேண்டும். பரவலாக வழங்கிய இயந்திரமாயின் கும்பகோணத்திலோ தஞ்சையிலோ திருச்சியிலோ எஞ்சியிருக்கும் முதிய கைகளே போதும். மூடியைத் திறக்குமுன் கூலியைப் பேசி, மாற்றும் பாகத்தைத் திருப்பித் தரக் கேட்பது பழைய வழக்கம். இன்றும் நல்ல வழக்கம். முகப்புக்குப் புதுச்சாயம் பூசித் தருகிறோம் என்பார்க்கு இணங்கலாகாது. அவ்வாறு பூசியும், பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்தும் புதிதுபோல் விற்கப்படுபவற்றுக்குச் சேகரிப்பாளரிடையே 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே இகழ்ச்சிப் பெயர் உண்டு. மங்கிய முகப்பு குறையன்று. அது அக்கடிகாரம் கடந்துவந்த கடலின் நிறம்.

பழைய ரேடோவின் முகப்பில், எண் பன்னிரண்டின் கீழே, சிறு நங்கூரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கையை அசைத்தால் அது தன் அச்சில் தானே ஆடிச் சுழலும். அழகுக்காக மட்டும் வைத்ததன்று. நங்கூரம் தடையின்றிச் சுழலும்வரை உள்ளே எண்ணெய் உள்ளது. அது தயங்கினால் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது குறிப்பு. ரஜூலாவில் வந்திறங்கியோரின் பேரப்பிள்ளைகள் அலமாரியைத் திறந்து அக்கடிகாரத்தை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். நங்கூரம் சாய்ந்தபடியே நிற்கிறது. கூட்டில் மட்டும் இன்னும் ஒரு கீறல் இல்லை.